‘புதைப்போம்’ என்னும் சொல்லும் மொழிபெயர்ப்பாளரும்: பனிப்போர்ச் சொல்லாட்சி குறித்த ஒரு மதிப்பீடு

மொழிபெயர்ப்பியல் நூல்களில் பிழையான மொழிபெயர்ப்புக்குச் சான்று காட்ட வேண்டிய இடங்களில் தவறாது இடம்பெறும் தொடர் ஒன்று உண்டு. 1956 நவம்பர் 18 அன்று மாஸ்கோவிலுள்ள போலந்துத் தூதரக விருந்தில், மேலைநாட்டுத் தூதர்களை நோக்கி நிகிதா குருஷ்சேவ் கூறிய ‘மி வஸ் பஹரோனிம்’ என்பதே அது. விக்தர் சுகோத்ரெவ் என்னும் இளம் மொழிபெயர்ப்பாளர் அதனை ஆங்கிலத்தில் ‘உங்களைப் புதைப்போம்’ என்னும் பொருள்பட உடனே பெயர்த்தார். நேட்டோ நாடுகள் பன்னிரண்டின் தூதர்களும் இசுரேலியத் தூதரும் அரங்கை விட்டு வெளியேறினர். அணு ஆயுதங்களை வைத்திருந்த இரு வல்லரசுகளை ஒரு மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு போரின் விளிம்புக்கே இட்டுச் சென்றது என்று இந்நிகழ்ச்சி அன்று முதல் சொல்லப்பட்டு வருகிறது. இம்முடிபு மொழியியல் நோக்கில் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை ஆராய்தல் வேண்டும். 1945 முதல் 1991 வரை நீடித்த அப்பகைமையின் சொற்கள் இந்திய மொழிகளுக்குள் வந்த முறையை மதிப்பிடவும் இவ்வாராய்ச்சி துணைபுரியும்.

முதலில் வினைச்சொல்லை நோக்குவோம். ரஷ்ய மொழியில் ‘பஹரனீத்’ என்னும் வினை இறந்தவரை அடக்கம் செய்தலைக் குறிக்கும். மண்ணைத் தோண்டி ஒன்றை உள்ளிட்டு மூடுதலுக்கு ‘ஸகபாத்’, ‘ஸரீத்’ என்னும் வேறு வினைகள் உள்ளன. ஆங்கிலத்திலோ இவ்விரு செயல்களுக்கும் பெரும்பாலும் ஒரே வினைதான். புதையலைப் புதைப்பதும் பிணத்தை அடக்குவதும் அங்கு ஒரே சொல்லால் குறிக்கப்படும். தமிழ் இவ்வகையில் ரஷ்ய மொழிக்கு நெருங்கியது. ‘புதைத்தல்’ எதற்கும் வரும். ‘அடக்கம் செய்தல்’ இறந்தவர்க்கே வரும். ‘உங்களைப் புதைத்துவிடுவோம்’ என்றால் உயிரோடிருப்பவரை நோக்கிய அச்சுறுத்தல். ‘உங்களை நாங்கள்தான் அடக்கம் செய்வோம்’ என்றால் முந்திச் சாவது நீங்கள், இருந்து பார்ப்பது நாங்கள் என்பது குறிப்பு. பின்னது நயமான பேச்சு அன்று. எனினும் கொலை மிரட்டலும் அன்று.

இவ்வேறுபாடு தமிழில் நுட்பமான அளவில் தொழிற்படுகிறது. ‘காரியம்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ‘உங்கள் காரியத்தை நாங்கள் செய்வோம்’ என்பது ஈமக்கடன். ‘உங்கள் காரியத்தை முடித்துவிடுவோம்’ என்பது கொலை. பெயர் ஒன்றே, வினையும் துணைவினையும் மாறிய அளவில் பேச்சுச்செயலே மாறிவிடுகிறது. ‘விடு’ என்னும் துணைவினை தமிழில் உறுதிப்பாட்டையும் ஏற்றும், முடிவுத்தன்மையையும் ஏற்றும். குருஷ்சேவின் தொடரைத் தமிழாக்குவோர் பெரும்பாலும் ‘புதைத்துவிடுவோம்’ என எழுதும்போது, மூலத்தில் இல்லாத ஓர் உறுதிப்பாட்டை இத்துணைவினையின் வழியே சேர்க்கின்றனர். ரஷ்ய வடிவம் செயல் முழுமையுறுவதைக் குறிக்கும் வினையின் இறப்பல்லாக் காலம். அது செயல் நிறைவேறும் என்பதைச் சொல்லும். நிறைவேற்றும் உறுதி பேசுவோருடையதா, வரலாற்றின் போக்கிலேயே அது நிகழ்வதா என்பதை அவ்வடிவம் சொல்வதில்லை.

ஆங்கிலப் பெயர்ப்பிலும் இத்தகைய இடர் உண்டு. பழைய ஆங்கில இலக்கண நூல்கள் தன்மையிடத்தில் ‘ஷல்’ என்பதை வெறும் எதிர்காலத்துக்கும் ‘வில்’ என்பதை உறுதிப்பாட்டுக்கும் உரியதாக வகுத்தன. அந்நெறிப்படி ‘வீ ஷல்’ என்று பெயர்த்திருந்தால் முன்னறிவிப்பாகவும், ‘வீ வில்’ என்றதனால் சூளுரையாகவும் ஆயிற்று என வாதிட இடமுண்டு. ஆனால் அமெரிக்க ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு அக்காலத்துக்கு முன்பே பெரிதும் மங்கிவிட்டது. பள்ளி இலக்கணத்தைக் கொண்டு ஒரு பன்னாட்டுப் பிணக்கை விளக்க முற்படுவது பொருந்தாது.

எனவே வினைச்சொல் அளவில் சுகோத்ரெவ் செய்ததைப் பிழையென்று கூற இயலாது. இறந்தவர்க்கு உரிய வினைக்கு ஆங்கிலத்தில் இயல்பாக அமைந்த சொல்லையே அவர் பயன்படுத்தினார். மேலும் ஒரு செய்தியைப் பிழைக் கதை சொல்வோர் கருதுவதில்லை. அப்போது மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராயிருந்த சார்லஸ் போலன் ரஷ்ய மொழியில் வல்லவர். தெஹ்ரான், யால்டா மாநாடுகளில் ரூஸ்வெல்ட்டுக்கு மொழிபெயர்த்தவர். ரஷ்யச் சொல்லின் பொருளை அறிவதற்கு அமெரிக்கத் தரப்பு சோவியத் மொழிபெயர்ப்பாளரை மட்டுமே நம்பியிருந்தது என்பது ஏற்கத்தக்கதன்று. சூழலும் நோக்கத்தக்கது. அம்மாதம் 4ஆம் நாள் சோவியத் படை புடாபெஸ்ட் நகரினுள் புகுந்திருந்தது. சூயசில் பிரிட்டனும் பிரான்சும் இசுரேலும் எகிப்தைத் தாக்கியிருந்தன. அந்த விருந்தில் அடக்கம் பற்றிய எந்தச் சொல்லும் வெறுஞ்சொல்லாகக் கேட்கப்பட்டிருக்க முடியாது.

சிக்கல் வினையில் இல்லையெனின் எங்கே உள்ளது? ‘வஸ்’ என்னும் முன்னிலைப் பெயரில் உள்ளது எனலாம். ரஷ்ய மொழியின் இவ்வடிவம் தமிழின் ‘உங்களை’ போன்றே பன்மைக்கும் மதிப்பொருமைக்கும் பொது. பன்மை எனக் கொண்டாலும் யாரைச் சுட்டுகிறது என்பது தெளிவாவதில்லை. எதிரில் நிற்கும் தூதர்களையா, அவர்தம் நாடுகளையா, முதலாளித்துவம் என்னும் சமுதாய அமைப்பையா? மார்க்சியச் சொல்லாடலில் பழகியவர்க்கு மூன்றாவது பொருளே முதலில் தோன்றும். முதலாளி வர்க்கம் தன் சவக்குழி தோண்டுவோரைத் தானே உருவாக்குகிறது என்னும் 1848ஆம் ஆண்டு அறிக்கையின் கருத்து அவர்கள் நினைவில் ஊறியது. தூதரக மரபில் பழகியவர்க்கோ, விருந்தில் எதிர்நின்று ‘நீங்கள்’ எனப்படுவது தாமும் தம் அரசும் அன்றி வேறில்லை. ஒரே சுட்டுச்சொல் இரு சொல்லாடல் மரபுகளில் இரு பொருள்களைச் சுட்டியது. இன்னொன்றும் கூறத்தக்கது. சவக்குழி தோண்டுவோனைக் குறிக்கும் ரஷ்யச் சொல் ‘மகீல்ஷிக்’. அதற்கும் ‘பஹரனீத்’ என்பதற்கும் வேர்த்தொடர்பு இல்லை. ஆகவே அவ்வறிக்கையின் குறிப்பைச் சொல்வடிவம் காட்டிக்கொடுக்கவில்லை. கேட்போர் அதனைத் தாமே உய்த்துணர வேண்டியிருந்தது.

குருஷ்சேவே பின்னர் இவ்விடத்தைத்தான் திருத்த முயன்றார். 1959 செப்டம்பரில் வாஷிங்டனில் இதழாளர் மன்றத்தில் இதுபற்றிக் கேட்கப்பட்டபோது, தாம் குறித்தது வரலாற்று வளர்ச்சியையே என விளக்கினார். 1963 ஆகஸ்டில் யுகோஸ்லாவியாவில், மண்வெட்டி கொண்டு புதைப்பதாகத் தாம் சொல்லவில்லை என்றும், அந்நாடுகளின் தொழிலாளி வர்க்கமே அதனைச் செய்யும் என்றும் கூறினார். இவ்விளக்கங்களில் அவர் தம் மொழிபெயர்ப்பாளரின் சொல்லைத் திருத்தவில்லை. சொல்லின் எழுவாயையும் செயப்படுபொருளையும் திருத்தினார். இலக்கண அடிப்படையில் இது குறிப்பிடத்தக்க சான்று.

மொழிபெயர்ப்பாளர் அன்று ஒரு விளக்கம் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் என்பர் சிலர். அரசியல் பேச்சை உடனுக்குடன் பெயர்ப்பவர்க்கு அவ்வுரிமை இல்லை. தலைவர் கடுமையாகப் பேசியதை மென்மையாக்கினால், ரஷ்ய மொழி அறிந்த தூதர்கள் அதனை உடனே கண்டுகொள்வர். பிறகு அம்மொழிபெயர்ப்பாளரின் எந்தச் சொல்லும் நம்பப்படாது.

உண்மையில் பெயர்க்க இயலாத தொடர் வேறொன்று. 1959 ஜூலை 24 அன்று மாஸ்கோ சகோல்னிகி பூங்காவின் அமெரிக்கக் கண்காட்சியில் நிக்சனுடன் நடந்த உரையாடலில், ‘கூஸ்காவின் தாயைக் காட்டுவோம்’ என்னும் மரபுத்தொடரைக் குருஷ்சேவ் கையாண்டார். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அத்தாய் யார் என்ற கேள்விதான் மிஞ்சும். தமிழில் ‘நாங்கள் யாரென்று காட்டுகிறோம்’ என்றோ ‘ஒரு கை பார்த்துவிடுகிறோம்’ என்றோ எளிதில் சொல்லிவிடலாம். விளங்காத இத்தொடரால் எத்தூதரும் வெளியேறவில்லை. நன்கு விளங்கிய தொடருக்கே அனைவரும் எழுந்து சென்றனர். மொழிபெயர்ப்புப் பிழையே பிணக்குக்குக் காரணம் என்போர் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து எண்ணுதல் நன்று.

இதே பகைமையின் விளைவாகவே இயந்திர மொழிபெயர்ப்பு ஆய்வும் அமெரிக்காவில் விரைந்து தொடங்கியது என்பது இங்கு நினைக்கத்தக்கது. 1954 ஜனவரி 7 அன்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் அறுபதுக்கு மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களை 250 சொற்களும் 6 இலக்கண விதிகளும் கொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்துக் காட்டின. 1966இல் அமெரிக்க அரசுக்கு அளிக்கப்பட்ட வல்லுநர் அறிக்கை அம்முயற்சிகளின் நிதியைச் சுருக்கியது. விவிலியத் தொடரொன்றைக் கணினி மதுவும் இறைச்சியுமாக மாற்றிவிட்டது என்னும் கதையும் அக்காலத்தில் பரவியது. அவ்வாறு நிகழ்ந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை. சுகோத்ரெவின் ‘பிழை’யும் இதுவும் ஒரே வகையான கதைகள். பேசியவரை விட்டுப் பெயர்த்தவரைக் குற்றவாளியாக்குவதில் கேட்போர்க்கு ஒரு சுவை இருப்பதாகத் தோன்றுகிறது.

இனி இப்பகைமையின் பெயருக்கு வருவோம். ‘குளிர்ந்த போர்’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரை 1945இல் ஜார்ஜ் ஆர்வெல் ஒரு கட்டுரையில் எழுதினார். 1947இல் பெர்னார்ட் பரூக்கின் பேச்சும் வால்டர் லிப்மனின் நூலும் அதனைப் பரப்பின. இந்திய மொழிகள் இதனை ஒரே வகையாக ஏற்கவில்லை. இந்தியும் மராத்தியும் ‘சீதயுத்த’ என்றன. மலையாளம் ‘சீதசமரம்’ என்றது. கன்னடம் ‘சீதள சமர’ என்றது. இவை யாவும் குளிர்ச்சி என்னும் உருவகத்தைப் பின்பற்றியவை. தெலுங்கு ‘பிரச்சன்ன யுத்தம்’ எனத் தனிவழி சென்றது. மறைவான போர் என்பது அதன் பொருள். வங்காளத்தில் வழங்கும் ‘ஸ்நாயு யுத்த’ என்பது நரம்புப் போர். பின்னிரண்டும் உருவகத்தை விடுத்துக் கருத்தைப் பெயர்த்தவை. இரு வல்லரசுகளுக்கிடையே நேரடிப் போர் நிகழாமையைத் தெலுங்கு விளக்கியது. அச்சத்தின் இழுபறியை வங்காளம் விளக்கியது.

தமிழில் நிலைபெற்றது ‘பனிப்போர்’. ‘கெடுபிடிப் போர்’ என்னும் வழக்கும் உண்டு. அது கருத்தைப் பெயர்க்க முயன்றது. ஆயினும் கெடுபிடி என்பது மேலிருப்பவன் கீழிருப்பவன்மேல் காட்டுவது. நிகரான இருவருக்கிடையே அது பொருந்தாது. அவ்வழக்கு பரவாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ‘பனி’ என்பதோ குளிர்ச்சியன்று. முதலில் அது பனித்துளி, பிறகு மூடுபனி, பிறகே உறைபனி. ஆங்கிலத்தில் குளிர்ந்த போருக்கு எதிராகச் சூடான போர் உண்டு. தமிழில் பனிப்போருக்கு எதிர்ச்சொல் இல்லை. உருவகம் பாதியோடு நின்றுவிட்டது. எனினும் பழைய வழக்கில் ‘பனித்தல்’ நடுங்குதலையும் அஞ்சுதலையும் குறித்தது. ஆக்கியோர் கருதினரோ இல்லையோ, அச்சொல்லின் அடியில் வங்காளச் சொல்லின் நரம்பு துடிக்கிறது. இன்று தமிழ் நாளிதழ்களில் ஒரே கட்சியைச் சேர்ந்த இருவர் முகம் கொடுத்துப் பேசாமலிருந்தாலும் அது பனிப்போரே. வழக்கு இவ்வாறு விரிந்தமை ஆக்கத்தின் வெற்றி என்றே கொள்ளத்தக்கது.

சோவியத் சார்பான சொற்கள் தமிழுக்கு வந்த வழி வேறு. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் நேரடியாகத் தமிழில் நூல்களை அச்சிட்டது. நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் அவற்றைத் தமிழகமெங்கும் கொண்டு சென்றது. இலக்கிய மொழிபெயர்ப்புகளில் அவை செய்த தொண்டு பெரிது. அரசியல் நூல்களில் அவ்வளவு கவனம் தென்படவில்லை. ‘சோஷலிஸ்ட் முகாம்’ என்னும் தொடரில் ரஷ்ய ‘லாகெர்’ அப்படியே பெயர்க்கப்பட்டது. கண் மருத்துவ முகாமையும் அகதி முகாமையும் அறிந்த தமிழ் வாசகர்க்கு அது நிலையான ஓர் அணியாகத் தோன்றுவதில்லை. ‘சமாதான சகவாழ்வு’ இன்னும் கருதத்தக்கது. ரஷ்ய மூலச்சொல் உடன் இருத்தலை மட்டுமே குறிக்கும். தமிழ்ச்சொல்லோ கூடி வாழ்தலைக் குறிக்கும். 1961ஆம் ஆண்டுக் கட்சித் திட்டம் அதனை வர்க்கப் போராட்டத்தின் ஒரு வடிவமாகவே வகுத்தது. தமிழில் படித்தவர்க்கு ஒரே தெருவில் ஒற்றுமையாகக் குடியிருக்கும் இரு குடும்பங்களே நினைவுக்கு வந்திருக்கும்.

இவற்றிடையே தமிழின் சிறந்த ஆக்கமாக ‘அணிசேரா’ என்பதைச் சுட்டலாம். 1961இல் பெல்கிரேடு மாநாட்டில் உருப்பெற்ற இயக்கத்தின் பெயர் இது. ஆங்கிலத்தில் அது செயப்பாட்டு எச்சத்தின் எதிர்மறை. ரஷ்ய மொழியில் ‘இதுவரை சேர்ந்திராத’ என்னும் இறந்தகால எச்சத்தின் எதிர்மறை. நாளை சேரக்கூடும் என்னும் ஐயத்துக்கு ரஷ்ய வடிவம் இடம் தருகிறது. இந்தியின் ‘குட்நிரபேக்ஷ’ அணிகளைச் சாராமையைச் சொல்லும்; அதில் வினை இல்லை. தமிழில் ‘சேரா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், காலம் காட்டாதது. நேற்றும் இன்றும் நாளையும் சேராமை ஒரே வடிவில் அடங்குகிறது. இவ்வியக்கத்தினர் தம் நிலையை ஒரு கொள்கையாகவே அறிவித்தனராதலின், மூல ஆங்கிலத்தைவிடத் தமிழ் வடிவமே அவர்தம் கூற்றுக்கு நெருக்கமானது. செய்தியாளர் சிலர் இதனை ‘அணிசேராத’ என விரித்து எழுதுவதும் உண்டு; பொருள் வேறுபாடு இல்லையெனினும், பெயராக நிற்கும் ஆற்றல் அவ்விரிவில் குறைகிறது.