ஒரே இரவுக்கு எழுதிய ஆப்

2020 பிப்ரவரி 3. அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வு அயோவா மாநிலத்தில் தொடங்கிய இரவு. 1,600க்கு மேற்பட்ட வட்டாரக் கூட்டங்களின் கணக்கை ஒரு மொபைல் ஆப் வழியே திரட்டுவதாக ஏற்பாடு. கூட்டத் தலைவர்களில் பலருக்கு அதை இறக்கிக்கொள்ளவோ உள்ளே நுழையவோ முடியவில்லை. ஆப்பில் பதிந்த கணக்கும் மறுமுனையில் அரைகுறையாகவே வந்து சேர்ந்தது. தொலைபேசியில் சொல்ல முயன்றவர்கள் நெடுநேரம் காத்துக் கிடந்தார்கள். அன்றிரவு முடிவு வரவேயில்லை.

'டெஸ்ட் பண்ணாமல் விட்டுவிட்டார்கள்' என்பது மறுநாளே எழுந்த பேச்சு. அது பாதி உண்மை. ஷேடோ என்ற சிறு நிறுவனம் சுமார் இரண்டு மாதத்தில் அவசரமாகக் கட்டிய ஆப் அது. மாநில அளவில் ஒரே நேரத்தில் பலர் இயக்கினால் என்ன ஆகும் என்று பார்க்கப்படவில்லை. ஐபோன்காரர்களுக்கு அது ஆப் ஸ்டோரிலேயே வரவில்லை, டெஸ்ட்ஃபிளைட் வழியாகத்தான் போனது. சோதனை ஓட்டத்துக்கான மேடையிலேயே தேர்தல் நடந்தது என்றால், அந்தக் கிண்டலுக்கு மேல் நாம் சேர்க்க ஒன்றுமில்லை.

மறுபாதிதான் டெஸ்டர்கள் கவனிக்க வேண்டியது. ஆப் தரவைச் சரியாகவே பதிந்தது, அதை வெளியே அனுப்பும் அமைப்பின் நிரலில்தான் பிழை என்றது மாநிலக் கட்சி. வெளியாட்களை வைத்துப் பாதுகாப்புச் சோதனை செய்ததாகவும் சொன்னது. ஆக, சோதனை நடந்திருக்கிறது. பிழை இருந்த இடத்தில் நடக்கவில்லை. மைக் கோன் 2009இல் எழுதிய நூலால் பரவிய 'டெஸ்ட் பிரமிடு' இங்கே நினைவுக்கு வருகிறது. அடியில் ஏராளமான யூனிட் டெஸ்ட், உச்சியில் முழு ஓட்டத்தையும் பார்க்கும் சில டெஸ்ட். செலவைக் குறைக்க அது நல்ல யோசனை. ஆபத்து எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. இரண்டு அமைப்புகள் ஒட்டும் தையலில் விழும் ஓட்டையை அடித்தளத்து டெஸ்ட் ஆயிரம் இருந்தாலும் பிடிக்காது.

அந்தத் தையல் எப்போது போடப்பட்டது? 2020 டிசம்பரில் வெளியான தணிக்கை அறிக்கை, தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கையில் கட்சியின் தேசியக் குழு ஒரு தரவு மாற்றுக் கருவி கேட்டதாகவும், பிழையுள்ள அந்தக் கருவியே வெளியீட்டைக் குலைத்ததாகவும் சொன்னது. தணிக்கைக்கு ஏற்பாடு செய்தது மாநிலக் கட்சி. தேசியக் குழு அதை ஏற்கவில்லை. பழியை யார் சுமப்பது என்பதில் அறிக்கையைக் கொஞ்சம் தள்ளியே படிக்கலாம். ஆனால் கடைசி நேரத்தில் புதுத் தேவை நுழைந்தது என்ற சங்கதி அதனால் ஆட்டம் காணாது.

2001இல் எழுதப்பட்ட அஜைல் கொள்கைகள் பன்னிரண்டில் இரண்டாவது, தாமதமாக வரும் மாற்றத்தையும் வரவேற்கச் சொல்கிறது. 'அடுத்த ஸ்பிரிண்ட்ல பாத்துக்கலாம்' என்று நம் அலுவலகங்களில் சொல்கிறோமே, அந்த வசதிதான் இந்த வரவேற்புக்குப் பிணை. மொபைலில் அந்தப் பிணை ஏற்கெனவே மெலிந்தது. பயனர் கைக்குப் போன பதிப்பைத் திரும்ப வாங்க முடியாது. அதனால்தான் ஆப்பிளின் படிப்படி வெளியீடு முதல் நாள் 1 சதவீதத்தில் தொடங்கி ஏழு நாள் எடுத்துக்கொள்கிறது. அயோவாவுக்கு ஏழு நாளும் இல்லை, 1 சதவீதமும் இல்லை. எல்லாரும் ஒரே இரவில் வந்தார்கள்.

எனவே என் முடிவு இது. வாரம் ஒருமுறை புதுப்பிக்கிற கடை ஆப்புக்கு அஜைல் சோதனை முறை போதும். ஒருமுறை மட்டுமே ஓடப்போகும் ஆப்புக்கு அதே முறையை அப்படியே பொருத்துவது தவறு. அங்கே மாற்றங்களுக்கு ஒரு நாளில் கதவடைத்திருக்க வேண்டும். அதன்பின், அன்றைய அதே ஆட்களை, அவரவர் போனுடன், ஒரே மணி நேரத்தில் உட்காரவைத்து முழு ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். அது முடியாதென்றால் ஆப்பையே கைவிட்டிருக்கலாம். பிப்ரவரி 22 தேர்வுக்கு அதே நிறுவனத்தின் ஆப்பை நம்பியிருந்த நெவாடா மாநிலக் கட்சி, அயோவாவுக்கு மறுநாளே அதைக் கைவிட்டது.

அயோவாவில் கடைசியில் கணக்கை மீட்டது, வாக்காளர்கள் எழுதித் தந்த காகித அட்டைகளும் வட்டாரப் படிவங்களும்தான்.