நாணயத்தில் இடம்பெறாத புத்தர்

புத்தர் பரிநிர்வாணம் எய்தி 2500 ஆண்டுகள் நிறைந்தமையை நினைவுகூர்ந்து, இலங்கை 1957ஆம் ஆண்டில் ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களை வெளியிட்டது. பின்னது வெள்ளியால் ஆனது. அவற்றில் புத்தரின் திருவுருவம் இல்லை. நடுவே 2500 எனும் எண்ணும் அதனைச் சூழ்ந்து வளையமாகச் செல்லும் விலங்குகளுமே உள்ளன. இதனைக் கற்பனை வறட்சி எனக் கொள்ள இடமுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை.

இவ்வமைப்பு அனுராதபுரத்துச் சந்திரவட்டக்கல்லை நினைவூட்டுவது. யானை, குதிரை, சிங்கம், எருது ஆகியன செதுக்கப்பெற்ற அவ்வரைவட்டக் கல் படிக்கட்டின் அடியில் பதிக்கப்படுவது. வழிபட வருவோர் அதனை மிதித்தே மேலேறுவர். பொலன்னறுவைக் காலக் கற்களில் எருது காணப்படுவதில்லை. சோழராட்சியை ஒட்டிய சைவச் செல்வாக்கினால், நந்தியை மிதித்தல் தகாது எனக் கருதப்பட்டமையே காரணம் என்பர். மிதிபடத்தக்கது எது, தகாதது எது என்னும் வினா அக்காலத்திலேயே எழுந்திருத்தல் வேண்டும். நாணயமும் அத்தகையதே. அது தரையில் விழும், கள்ளுக்கடைக்கும் செல்லும், வெள்ளியாயின் உருக்கவும் படும். ஆகவே, மிதிபடும் கல்லின் உருவைக் கைமாறும் காசுக்குத் தெரிந்தமை பொருத்தமுடைய தேர்வு எனலாம்.

புத்தர் உருவம் நாணயத்திற்கு முற்றிலும் விலக்கு என்று இதனால் முடிவு செய்தல் இயலாது. குஷாண மன்னன் கனிஷ்கனின் பொற்காசு ஒன்றில் நின்ற கோலப் புத்தர், கிரேக்க எழுத்தில் பொறித்த பெயருடன் காட்சியளிக்கிறார். ஆயின் அங்கு அவர் மன்னன் போற்றிய தெய்வங்கள் பலருள் ஒருவர். முகப்பு மன்னனுக்கே உரியது.

தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. மணிமேகலை மணிபல்லவத்தில் வணங்கியது புத்த பீடிகையை, திருவுருவத்தை அன்று. அத்தீவை நயினாதீவு எனக் கொள்வோர் பலர். தமிழ்ப் பௌத்தத்திற்கும் உரிய இம்மரபை நினைவூட்டும் நாணயம், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என 1956இல் சட்டம் இயற்றிய அரசால் அடுத்த ஆண்டே வெளியிடப்பட்டது. நாணயத்தின் அடக்கம் அவ்வரசிடம் இல்லை என்பதே நம் கருத்து.

பேராக் மாநிலத்தார்க்குச் சான்று அருகிலேயே உண்டு. சிம்பாங் பூலாயை அடுத்த குனோங் ராப்பாட் சுண்ணாம்புக் குன்றுகளில், சாம் போ தோங் குகைக் கோயிலில் புத்தர் உருவங்கள் பீடங்களில் வீற்றிருக்கின்றன. வழிபடுவோர் இடும் மலேசியக் காசிலோ செம்பருத்தி மலரே உள்ளது.