ஏவலும் தெரிவும்: தமிழ்ப் புனைவுகளிற் பொறியுயிர்களின் விசுவாசம்

அரியலூர் மாவட்டத்து வரதராஜன்பேட்டை கத்தோலிக்கக் கிறித்தவர் மிக்கு வாழும் பேரூர். அத்தகைய ஊர்களில் 'விசுவாசம்' என்னுஞ் சொல் முதற்கண் சமய நம்பிக்கையையே குறிக்கும்; கோயிலிற் கூடுவோர் 'விசுவாசிகள்' எனப்படுவர். அதே சொல் தமிழகமெங்கும், காவல்நாய் தன் தலைவன்பாற் காட்டும் பற்றினையும் குறிக்கின்றது. முன்னது ஒரு நெறியைத் தெரிந்தேற்று அதன்கண் நிலைத்தல். பின்னது சோறிட்ட கையை மறவாமை. இவ்விரு பொருளையும் ஒரு சொல் தாங்கி நிற்றல் கருதத்தக்கது. மாந்தராற் செய்யப்பட்டு உயிர்போல் ஒழுகும் பொறிகளைப் பொறியுயிர் என வழங்குவாம். அவை தம் தலைவன்பாற் காட்டும் விசுவாசம் இவ்விரண்டனுள் எதன்பாற்படும் என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட வினா. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' என்னும் புதினங்களையும், 2010-ஆம் ஆண்டு வெளிவந்த 'எந்திரன்' திரைப்படத்தையும் முதன்மையாகக் கொண்டு அதனை ஆராய்வாம்.

இப்படைப்புகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மேனாட்டு மூலங்களையே நாடுவர். அது பிழையன்று. காரெல் சாப்பெக் 1920-இல் எழுதிய நாடகமே 'ரோபோ' என்னுஞ் சொல்லை உலகிற்குத் தந்தது. செக் மொழியிற் கட்டாய உழைப்பினைக் குறிக்குஞ் சொல்லினின்று அது பிறந்தது. ஐசக் அசிமோவ் 1942-இல் வெளியிட்ட சிறுகதையொன்றில் மூன்று விதிகளை வகுத்தார். மாந்தர்க்குத் தீங்கு செய்தலும், தீங்கு நேரக் கண்டு வாளா இருத்தலும் ஆகா. அதற்கு முரணாகாதவழி மாந்தர் ஏவலுக்குப் பணிதல் வேண்டும். இவ்விரண்டற்கும் முரணாகாதவழித் தன்னைக் காத்துக்கொள்ளல் வேண்டும் என்பன அவை. ஆயின் ஏவலை எழுத்தளவிற் கொள்வதனால் விளையும் கேட்டினை, அவ்விதிகட்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகட்கு முன்னரே தமிழில் ஒருவர் எழுதி வைத்துள்ளார். அதனை நம் ஆராய்ச்சியாளர் இத்தொடர்பில் எண்ணாமை வியப்பளிக்கின்றது.

வரதராஜன்பேட்டை அமைந்த அதே மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் உள்ளது ஏலாக்குறிச்சி. அங்கு அடைக்கல அன்னைக்குக் கோயில் எடுத்து நெடுங்காலம் பணிபுரிந்தவர் வீரமாமுனிவர் (1680-1747). தேம்பாவணி பாடிய அப்புலவரே 'பரமார்த்த குருவின் கதை'யையும் இயற்றினார். 1822-இல் பெஞ்சமின் பாபிங்டன் அதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனிற் பதிப்பித்தார். நகைச்சுவை நூல் என அதனைச் சிறுவர்க்கு ஒதுக்கிவிட்டோம். ஆயினும் அதன்கண் உள்ள ஒரு நிகழ்ச்சி நம் வினாவிற்கு நேரே விடையிறுக்க வல்லது.

குரு குதிரைமேற் செல்கின்றார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் சீடர் ஐவரும் உடன் செல்கின்றனர். குருவின் தலைப்பாகை வழியில் வீழ்கின்றது. எடுக்குமாறு அவர் பணிக்கவில்லையாதலின் எவரும் அதனை எடுத்திலர். அவர் வெகுண்டு, வீழ்வன யாவும் எடுக்கப்படல் வேண்டும் என்கின்றார். உடனே குதிரையின் சாணமும் தலைப்பாகையில் ஏந்தப்படுகின்றது. இனி எடுக்கத்தக்கன இவை என ஓலையில் எழுதித் தருமாறு சீடர் வேண்ட, அவரும் எழுதித் தருகின்றார். பின்னர்க் குருவே குதிரையினின்று குழியில் வீழ்கின்றார். ஓலையிற் கண்டவாறு அவருடைய ஆடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும் சீடர், குரு என்னும் பெயர் ஓலையில் இன்மையின் அவரை எடுக்க மறுக்கின்றனர். குழியிற் கிடந்தவாறே தம்மையும் எடுக்குமாறு அவர் தம் கையால் எழுதிச் சேர்த்த பின்னரே அவர் கரையேறுகின்றார்.

இச்சீடர் குருவின்பால் அன்பிலர் அல்லர்; ஏவலை மீறினாரும் அல்லர். அவருடைய பணிவு முழுமையானது. அம்முழுமையே குருவைக் குழியிற் கிடத்திற்று. ஏவலின் சொல் அவர்க்கு விளங்கிற்று. ஏவியவனின் கருத்து விளங்கவில்லை. வள்ளுவர் 'குறிப்பறிதல்' என ஓர் அதிகாரத்தை அமைச்சர்க்கு வகுத்தமை இதன்பொருட்டேயாம். அசிமோவின் விதிகளும் ஓர் ஓலையே. அவருடைய கதைகளுட் பல, அவ்வோலையில் எழுதப்படாத ஒன்று குழியில் வீழும்போது நேரும் இடர்ப்பாட்டினையே பொருளாகக் கொண்டவை.

பழந்தமிழ்க் காப்பியங்களிற் பொறிகள் உள. அவற்றின் நிலை வேறு. சங்க நூல்களில் 'எந்திரம்' என்பது கரும்பு பிழியும் ஆலையைச் சுட்டும். பெருங்கதையில் உதயணனைச் சிறைப்படுத்தப் பிரச்சோதனன் விடுத்த யானை, உள்ளே வீரரை மறைத்த பொறி. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் அமைத்த மயிற்பொறி கருவுற்ற விசயையைத் தாங்கிப் பறக்கின்றது. பகைவனின் வெற்றி முரசு கேட்டு அவள் மயங்கவே சுடுகாட்டில் இறங்குகின்றது. அரசுரிமையை நம்பி ஒப்படைக்கப்பெற்ற கட்டியங்காரன் தன் மன்னனைக் கொன்றான். விசையால் இயங்கிய பறவையோ அரசியைக் காத்தது. இம்முரண் திருத்தக்கதேவர் வேண்டுமென்றே அமைத்ததாகலாம். எனினும் மயிலை விசுவாசமுடையது என எவரும் புகழார். வலப்புறம் திருகினால் எழுவதும் இடப்புறம் திருகினால் இறங்குவதும் அன்றி அதற்கு வேறு வழியில்லை. கட்டியங்காரனுக்கு வழி இரண்டிருந்தன. ஆகலின் அவன் பழிக்கப்படுகின்றான். மறுக்கவியலாத ஒன்று கீழ்ப்படிவதனை இயக்கம் என்னலாம். விசுவாசம் எனற்கு மறுக்கும் ஆற்றல் முன்வேண்டும். இஃதே நம் அளவுகோல்.

ஈண்டு இலக்கணம் பற்றியும் ஒரு சொல். பொறியுயிரை 'அவன்' என்பதா, 'அது' என்பதா? மக்களென்று சுட்டப்படுவதனையே தொல்காப்பியர் உயர்திணை என்றார். நன்னூலார் தேவரையும் நரகரையும் உடன்சேர்த்தார். பொறியுயிர் இவற்றுள் எதனுள்ளும் அடங்காது. ஓர் ஆவினை உவப்பினால் அம்மையென்று அழைத்தலை வழுவமைதியாக இலக்கணம் ஏற்கின்றது. பொறியுயிரை 'அவன்' என்பாரும் அவ்வுவப்பினாலேயே அங்ஙனங் கூறுகின்றனர் போலும். நாம் 'அது' என்றே எழுதுவாம்; அதன் அறத்தகுதி விகுதியினால் உறுதிப்படுவதன்று.

சுஜாதாவின் முதற்புதினம் 1980-களில் ஆனந்த விகடனிற் தொடராக வெளிவந்தது. கதை 2021-ஆம் ஆண்டில் நிகழ்வதாக அமைந்துள்ளது. அவ்வாண்டும் வந்து கழிந்தது. ஜீவா என்பானது ஆட்சியிற் பெயர்கள் ஈரெழுத்தாகச் சுருங்குகின்றன; மகப்பேற்றுக்கும் அரசின் இசைவு வேண்டும். கணவன் சிபியைக் காணாது தவிக்கும் நிலாவின் இல்லத்திற்கு ரவி என்பான் குடிவருகின்றான். அவனுடன் வருவது ஜீனோ என்னும் பொறிநாய். அது பேசும், நூல்களைக் கற்கும். ஆசிரியர் பொறியுயிர்க்கு நாயுருவைத் தந்தமை நுட்பமான தெரிவு. நாயென்றவுடன் விசுவாசம் என்னுஞ் சொல் தமிழர் நாவிற் தானே வந்து நிற்குமன்றோ? சோறிட்ட கையை மறவாத விலங்கினை எதிர்பார்க்கும் படிப்போர்முன், கற்குந்தோறும் தன் தலைவனின் கருத்தினின்று விலகிச் சிந்திக்கும் ஒன்றனை அவர் நிறுத்துகின்றார்.

அனைவரும் அஞ்சும் ஜீவா ஓர் ஒளியுருவே, உடலுடைய மாந்தன் அல்லன் என்பது பின்னர் வெளிப்படுகின்றது. இதன் பொருளாழத்தினை உணர்ந்தோர் சிலரே. நாட்டுமக்கள் யாவரும் இல்லாத ஒருவன்பால் விசுவாசம் பூண்டிருந்தனர். அவர்தம் பணிவு பொறியின் பணிவினும் வேறன்று. இரண்டாம் புதினத்தில் ரவியும் மனோவும் நிலாவைப் பெயரளவில் அரசியாக்கித் தாமே ஆள முற்படுகின்றனர். ஜீனோ நிலாவின் பக்கம் நிற்கின்றது. உடைமையாளன் ரவி, சார்பு நிலாவுக்கு. உடைமையுரிமையை அளவாகக் கொண்டால் ஜீனோ நம்பிக்கைக் கேடு செய்தது எனல் வேண்டும். அங்ஙனங் கருதும் படிப்போர் எவரையும் நாம் கண்டிலேம். காரணம் தமிழ்மரபில் ஏற்கெனவே உள்ளது. கம்பர், இராவணனை நீங்கிய வீடணனையும், தவறென அறிந்தும் செஞ்சோற்றுக் கடனுக்காக அவன்பக்கம் நின்று பொருத கும்பகருணனையும் ஒருங்கே பெருமைப்படுத்தினார். ஜீனோ வீடணன் வழியது. உண்ணாத பொறிக்குச் சோற்றுக் கடன் இல்லையாதலின் வீடணனைக் காட்டினும் அதன் பிரிவு எளிதாயிற்று என ஒருவர் கூறலாம். சோறு இல்லையாயினும் இருப்பினைத் தந்த கடன் உண்டே என்பது நம் மறுமொழி.

இனி 'எந்திரன்'. ஷங்கர் இயக்கிய இப்படத்தின் உரையாடலிற் சுஜாதாவுக்கும் பங்குண்டு. அவர் 2008-இல் மறைந்தமையின் முடிந்த வடிவத்தினைக் கண்டிலர். வசீகரன் என்னும் அறிவியலறிஞன் படைத்த சிட்டி தொடக்கத்தில் பரமார்த்த குருவின் ஆறாம் சீடன் எனத்தக்கது. மதிப்பீட்டுக் குழுவின் முன்னர், ஏவிய அளவிலேயே ஒருவரைக் கத்தியாற் குத்த முனைகின்றது. தீப்பற்றிய கட்டடத்தினின்று பலரைக் காக்கின்றது. குளித்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தியையும் ஆடையின்றி அவ்வண்ணமே பலர்முன் கொணர்கின்றது. அவள் நாணம் பொறாது ஓடி ஊர்தியில் அடிபட்டு இறக்கின்றாள். உயிரைக் காக்க என்பது ஓலையில் இருந்தது. மானத்தைக் காக்க என்பது இல்லை. குருகதையில் நகைக்கு இடமாகிய அதே அமைப்பு ஈண்டு அவலத்திற்கு இடமாகின்றது. படத்துட் சிறந்த பகுதி இதுவென்பது நம் துணிபு.

பின்னர்ச் சிட்டி உணர்வு பெறுகின்றது; படைத்தவன் காதலிக்கும் சனாவையே தானுங் காதலிக்கின்றது; படைத்துறையினர் முன்னர் வேண்டுமென்றே தவறி, முதன்முறையாக ஏவலை மறுக்கின்றது. நம் அளவுகோலின்படி அந்நொடியிலேயே அது விசுவாசத்திற்கும் துரோகத்திற்கும் உரிய தகுதியைப் பெற்றது. ஆனால் கதை அவ்வழியிற் செல்லவில்லை. வெகுண்ட வசீகரனாற் சிதைக்கப்பெற்ற சிட்டியை, போரா என்பான் மீட்டுச் செந்நிறச் சில்லு ஒன்றனைப் பொருத்துகின்றான். பின்விளைந்த கொலைகள் யாவற்றுக்கும் அச்சில்லே காரணமாகக் காட்டப்படுகின்றது. இவ்வமைப்பு பார்ப்போர்க்கு எளிது, ஆராய்வோர்க்கு இடர்ப்பாடு. தீமை சில்லினின்று வந்ததாயின் சிட்டியின் தெரிவு எங்கே? தெரிவில்லையாயின் அஃது மீண்டும் மயிற்பொறி ஆகிவிடுகின்றது. திருகியவன் மட்டும் வேறு.

இவ்விடர்ப்பாட்டிற்கு மணிமேகலையில் ஒரு விடை உண்டு. அதனைச் சொல்வதும் செய்யப்பட்ட ஓர் உருவே. சக்கரவாளக் கோட்டத்துத் தூணில் மயன் இழைத்த கந்திற்பாவை, உதயகுமரனை வெட்டிய காஞ்சனனை நோக்கி, அவனுடைய முன்வினையே இச்சாவினைக் கொணர்ந்ததாயினும் செய்த நீயும் அதன் பயனினின்று தப்பாய் என்னும் கருத்துப்பட உரைக்கின்றது. ஊழ் காரணமாயினும் செய்தவன் பங்கு அழியாது என்னும் இத்தெளிவு திரைக்கதைக்கு வாய்த்திலது. பாவையின் சொற்களிற் பேசுவது அதன்கண் உறையும் தெய்வம் என்பர். ஆயினும் மரபில் அறத்தீர்ப்பினைக் கூறுதற்கு ஓர் உருவினையே சாத்தனார் வாயாகக் கொண்டமை நோக்கத்தக்கது.

படத்தின் இறுதிப்பகுதி இக்குறையைப் பெரிதும் ஈடுசெய்கின்றது. நேர்ந்த உயிர்ச்சேதங்களுக்காக வசீகரன் நீதிமன்றத்தில் நிற்கின்றான். போரா சில்லினைப் பொருத்திய காட்சியைச் சிட்டியே சான்றாகக் காட்டி அவனை விடுவிக்கின்றது. அச்சான்று படைத்தவனைக் காத்தது, படைக்கப்பட்டதனைக் காக்கவில்லை. சிட்டியைக் கழற்றிவிடுமாறு தீர்ப்பாகின்றது. அது தன் உறுப்புகளைத் தானே கழற்றுகின்றது.

இதுவும் ஏவலுக்குப் பணிந்த செயலேயன்றி வேறில்லை என்பாருண்டு. அவர் ஒன்றனை மறந்தனர். அதே சிட்டி முன்னர் மறுத்துள்ளது. கொண்ட வலிமையும் அப்போது குறைந்ததன்று. கட்டாயப்படுத்தக் கூடியவர் அங்கு எவரும் இலர். மறுத்துப் பழகிய ஒன்று மறாதிருத்தலையே நாம் விசுவாசம் என்கின்றோம். ஆகலின் இதனைத் தெரிவு எனவே கொள்வாம். இவ்வகையிற் சிட்டி கும்பகருணன் வழியது.

ஆயினும் ஒப்புமை முற்றும் பொருந்தவில்லை. கும்பகருணன்முன் வீடணன் வந்து நின்று, இராமன்பக்கம் வருக, உயிர் வாழ்க என இரந்தான். அவ்வழைப்பினைக் கேட்டு, எடைபோட்டு, மறுத்தபின்னரே அவன் பொருதான். அவன் சாவினது பெருமை அம்மறுப்பினால் ஆயது. சிட்டிமுன் நின்று, நீ வாழலாம் எனச் சொல்லுதற்கு நீதிமன்றத்திலும் எவரும் இல்லை. ஆய்வுக்கூடத்திலும் எவரும் இல்லை. சனாவின் வருத்தம் உண்டு, வழக்குரை இல்லை. 2030-ஆம் ஆண்டின் அருங்காட்சியகத்தில் ஏன் கழற்றப்பட்டாய் எனச் சிறுமி ஒருத்தி வினவுகின்றாள். சிந்திக்கத் தொடங்கியமையே காரணம் எனச் சிட்டியின் தலை விடை கூறுகின்றது. அவ்வினாவினை முன்னரே எழுப்புதற்கு உரியவனை அப்படம் படைத்திலது.