கொடி ஏன் கை காட்டியது?

"பயின்று வரும் அணியைச் சுட்டி விளக்குக." தமிழ்த் தேர்வு எழுதிய எவருக்கும் இந்த வினா மறக்காது. விடைக்கும் ஒரு வாய்பாடு உண்டு: அணியின் பெயர், அதன் இலக்கணம், பிறகு உவமை இது, உவமேயம் இது, உவம உருபு இது. கட்டங்களை நிரப்பினால் முழு மதிப்பெண். இந்தக் கற்பித்தல் முறையில் மாணவருக்குக் கிடைப்பது எது, நழுவுவது எது?

கிடைப்பது சிறிதன்று. 'மலர்முகம்' உவமை, 'முகமலர்' உருவகம். இரண்டு சொற்கள் இடம் மாறியதும், மலரைப் போன்றிருந்த முகம் மலராகவே ஆகிவிடுகிறது. இந்த நுட்பத்தைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை பிடித்துக்கொள்ளக் கலைச்சொல் கைகொடுக்கிறது. முதல் குறளில் எழுத்துக்கும் உலகுக்கும் நடுவே உவம உருபு கிடையாது. ஒப்புமையைப் படிப்பவரே கண்டுகொள்ள வேண்டும். 'எடுத்துக்காட்டு உவமை' என்ற பெயர் அந்த இடைவெளியைக் கவனிக்கச் செய்கிறது. விடைத்தாள்களைப் பலர் திருத்தும்போது, வாய்பாடு ஓரளவு நடுநிலையையும் காக்கிறது.

குறை, பெயரோடு வேலை முடிந்துவிடுவதில்தான். 'போல', 'அன்ன', 'ஒப்ப' எங்கே என்று தேடுவதே படிப்பாகிவிடுகிறது. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் அசைவதைப் பாருங்கள். வராதீர்கள் என்று கோவலனையும் கண்ணகியையும் அவை தடுப்பதாக இளங்கோ பாடுகிறார். இயல்பாக நடப்பதன்மேல் புலவர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்லும் தற்குறிப்பேற்ற அணிக்கு வகுப்பறை அறிந்த சான்று இது. ஆனால் அந்த அடியிலேயே 'போல்' இருக்கிறது! உருபைத் தேடிப் பழகிய மாணவர் அதை உவமையணி என்று எழுதினால் குற்றம் யாருடையது?

இன்னொன்றும் நழுவுகிறது. புறஞ்சேரி இறுத்த காதையில் கொடி தனியாக வரவில்லை. முதலில் வையை, பூவாடை போர்த்துத் தன் கண்ணீரை மறைக்கிறது. அடுத்து அகழிப் பூக்கள் கண்ணீரோடு நடுங்குகின்றன. அதன் பிறகே கொடி கை காட்டுகிறது. ஆறு மறைத்த துயரம் அகழியில் வெளிப்பட்டு, மதிலில் எச்சரிக்கையாகிறது. நடந்து செல்லும் இருவருக்கும் இது தெரியாது, நமக்குத் தெரியும். கொடியை மட்டும் கத்தரித்து இலக்கணப் பக்கத்தில் ஒட்டும்போது அணியின் பெயர் மிஞ்சுகிறது, அச்சம் போய்விடுகிறது.

இதற்கு மரபைக் குறை சொல்ல முடியாது. ஒப்புமை வினையிலா, பயனிலா, மெய்யிலா, உருவிலா என்று உவமைக்கு அடிப்படை தேடியவர் தொல்காப்பியர். சொல்லாமல் விட்டதைக் கேட்பவர் உணரும் உள்ளுறை உவமத்துக்கும் அவர் இடம் தந்தார். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தண்டியலங்காரம் 35 பொருளணிகளை வகுத்தது. அந்நூலும் பட்டியல் மட்டுமன்று. செய்யுளின் பொதுப் பண்புகளை ஆராயும் பொதுவணியியலில்தான் அது தொடங்குகிறது. பள்ளிக்கு வந்து சேர்ந்ததோ பெரும்பாலும் பட்டியல்.

தேர்வில் 'இந்த அணி இங்கே ஏன்?' என்று கேட்டால், அதற்கும் மனப்பாட விடை அச்சாகிவிடும் என்பார்கள். நியாயமான அச்சம். மாணவர் முன்பு பார்த்திராத பாடலைக் கொடுத்து, பாடலிலிருந்தே சான்று காட்டும் எந்தக் காரணத்துக்கும் இரண்டு மதிப்பெண் தரலாம். திருத்துபவருக்கு வேலை கூடும். வாய்பாடு தரும் நடுநிலையும் சற்றுக் குறையும். அந்த விலையைக் கொடுக்கலாம் என்றே நினைக்கிறேன்.

வகுப்பிலோ அதற்குச் செலவே இல்லை. அணியின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் முன், வையையிலிருந்து கொடிவரை உள்ள அடிகளை ஒரு மாணவி வாய்விட்டுப் படிக்கட்டும். பெயர் பிறகு வரட்டும்.