கருப்பொருள் இல்லாத நிலம்

‘அட்வான்ஸ் வார்ஸ்’ என்கிற விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத நியாயம் சொல்லியாக வேண்டும். கவிதைக்கும் விமர்சனத்துக்குமான இடத்தில் பொம்மைக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பார்கள். போரைப் பற்றி ஓர் உருவத்தில் எதையாவது சொல்கிற எதுவும், பரணியானாலும் பொம்மையானாலும், ஒரே கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. போர் என்று எதைச் சொல்கிறாய், எதை விட்டுவிட்டுச் சொல்கிறாய்? புறநானூற்றிடம் கேட்கக்கூடிய இந்தக் கேள்வியை ஒரு ஜப்பானிய விளையாட்டிடமும் கேட்கலாம். விளையாட்டிடம் கேட்பதில் ஒரு சௌகரியம்கூட உண்டு. நம் பக்தி குறுக்கே வராது.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1988இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ‘ஃபாமிகாம் வார்ஸ்’ வழியில் வந்தது இது. கையில் அடங்கும் கேம்பாய் அட்வான்ஸ் கருவிக்காக இன்டெலிஜென்ட் ஸிஸ்டம்ஸ் என்ற குழு உருவாக்கி, 2001இல் அமெரிக்காவில் வெளிவந்தது. சிங்கப்பூர் உறவுக்காரப் பையன் விட்டுப்போன பழைய கருவியில், தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் போகும் ரயிலில் இதை ஆடிவருகிறேன். திரை கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கிறது: சமவெளி, காடு, மலை, ஆறு, சாலை, பாலம், நகரம். என் முறையில் என் படைகளை நான் நகர்த்துகிறேன். பிறகு எதிரியின் முறை. காலாள் அணி ஒன்றின் விலை 1000, டாங்கி 7000. கையிலுள்ள ஒவ்வொரு நகரமும் ஒவ்வொரு முறையும் 1000 ஈட்டித் தருகிறது. ஒவ்வோர் அணிக்கும் உயிர் 10. அடிபடும்போது அந்த எண் குறைகிறது; தீர்ந்தால் அணி இல்லை.

இவ்வளவு சொற்பமான சாதனங்களைக் கொண்டு இது சாதிப்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மலைமேல் நிற்பவனுக்கு நான்கு நட்சத்திரக் காப்பு, காட்டில் நிற்பவனுக்கு இரண்டு, சாலையில் நிற்பவனுக்கு ஒன்றும் கிடையாது. ஆகவே வேகமாகப் போகிற வழியே ஆபத்தான வழியாகவும் இருக்கிறது. டாங்கியை என்ன விலை கொடுத்து வாங்கினாலும் அதனால் ஒரு நகரத்தைப் பிடிக்க முடியாது. காலாள்தான் பிடிக்க வேண்டும். நகரத்துக்கு 20 புள்ளி. முழு உயிரோடு இருக்கும் காலாள் இரண்டு முறை அங்கே நிற்க வேண்டும், அடிபட்டு 5ஆக இளைத்தவன் நான்கு முறை. மிக மலிவான அணியிடமே மிக முக்கியமான காரியத்தை ஒப்படைத்திருப்பது நல்ல சிந்தனை. போரைப் பற்றி நம் சரித்திர நாவல்களில் பல கண்டுகொள்ளாத ஓர் உண்மை இந்த விதியில் இருக்கிறது.

நிலம் முதலில், அதிலிருந்துதான் செயல் என்பது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்துக்கு நிலமும் பொழுதும் முதற்பொருள். புறத்தையும் அது நிலத்தோடு கட்டியே பார்க்கிறது. வெட்சி குறிஞ்சியின் புறம். மதிலை வளைத்துப் பொருகிற உழிஞை, மருதத்தின் புறம். வயலும் ஊரும் செழித்த இடத்தில்தான் வளைத்துப் பிடிக்க மதில் இருக்கும் என்ற அனுபவ ஞானம் இந்த இணைப்பில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இந்த அளவில் விளையாட்டு தொல்காப்பியனுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆனால் முதற்பொருளோடு நின்றும்விடுகிறது. தொல்காப்பியன் அடுத்துக் கருப்பொருளைச் சொல்கிறான்: உணவு, விலங்கு, மரம், பறை, செய்தி. அந்த நிலத்தில் யார் என்ன தின்று, என்ன தொழில் செய்து, எதைக் கொட்டி வாழ்ந்தார்கள் என்பது. அதற்குப் பிறகுதான் உரிப்பொருள், மனித உணர்வு, சாத்தியமாகிறது.

விளையாட்டின் நிலத்தில் கருப்பொருள் கிடையாது. சமவெளி உண்டு, வயல் இல்லை. நகரம் உண்டு, அதில் குடியிருப்பவர் இல்லை. நகரம் கைமாறும்போது அதன் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். யாரும் ஓடுவதில்லை, ஒளிவதில்லை, வரி கொடுக்க மறுப்பதில்லை. ஆறு டாங்கியை நிறுத்தும் ஒரு நீலக்கோடு. வெண்ணாற்றங்கரையில் வளர்ந்தவனுக்கு இது விசித்திரமாக இருக்கிறது. இங்கே ஆறு வந்ததா, கடைமடைக்கு எட்டியதா என்பதுதான் வாழ்க்கை. நீர் குறைந்தால் முறைப்பாசனம் வைக்கிறார்கள். உன் வாய்க்காலுக்கு இத்தனை நாள், என் வாய்க்காலுக்கு இத்தனை நாள். ‘முறை’ என்ற சொல்லுக்கு நம் மொழியில் சுற்று என்றும் பொருள், நீதி என்றும் பொருள், உறவு என்றும் பொருள். கன்றை இழந்த பசுவுக்கு முறை செய்த கதையைத் திருவாரூர்க்காரர்கள் இன்னும் சொல்கிறார்கள். மூன்று பொருளில் முதலாவதை மட்டும் விளையாட்டு எடுத்துக்கொண்டது.

‘களம்’, ‘போர்’ என்ற சொற்களும் இப்படித்தான். போர்க்களமும் நெற்களமும் ஒரே களம். படைகள் மோதுவதும் போர், அறுத்த தாளை அடுக்கிவைப்பதும் போர். வாகைத் திணையில் ஏரோர் களவழியும் தேரோர் களவழியும் அடுத்தடுத்து வருகின்றன. இதை அணி என்று மட்டும் நாம் படித்துப் பழகிவிட்டோம். இதில் ஒரு கணக்கு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஒரு களம் நடந்தால் இன்னொரு களம் நடக்காது. 1781இல் ஐதர் அலியின் படைகள் தஞ்சாவூர்ச் சீமையைப் பாழடித்தன. 1782 பிப்ரவரியில் கும்பகோணத்தை அடுத்து கர்னல் பிரெய்த்வெயிட்டின் படையைத் திப்பு வளைத்துச் சிறைபிடித்தான். இரண்டாவதை இந்த விளையாட்டில் கச்சிதமாக ஆடிக்காட்டலாம். அதற்கான கட்டங்களும் அணிகளும் இருக்கின்றன. முதலாவதை ஆட வழியே இல்லை. விதைக்காமல் போன வயலுக்கு அதில் கட்டம் கிடையாது.

சதுரங்கத்திலும்தான் குடிமக்கள் இல்லை, அதை என்ன செய்வீர் என்று கேட்கலாம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் பூவனூரில் சிவன் சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் யாரும் வெல்ல முடியாத ராஜராஜேஸ்வரியை, கிழவனாக வந்து ஆடி வென்று மணந்தார் என்பது தலபுராணம். 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது பத்திரிகைகள் இந்தக் கோயிலைத் தேடிப் போயின. அந்தப் புராணத்தில் ஆட்டம் போரின் சாயலை முழுக்க உதறிவிட்டது; தோற்றவள் மணமகள். சதுரங்கம் உலகத்தைச் சித்திரிப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை. குதிரை புல் தின்னாது என்று யாரும் அதன்மேல் குறை சொல்ல முடியாது. கோயில் கல்தளங்களில் கீறியிருக்கும் ஆடுபுலி ஆட்டமோ இன்னும் நேர்மையானது. மூன்று புலி, பதினைந்து ஆடு. இரு தரப்பும் சமம் என்ற பாவனையே இல்லை. ஆட்டுக்குக் கொல்லத் தெரியாது. நெருங்கி நின்று வழியடைக்கத்தான் தெரியும். எளியவன் எப்படி ஜெயிப்பான் என்பதைப் பற்றி அந்தக் கீறலுக்கு ஒரு கருத்து இருக்கிறது.

‘அட்வான்ஸ் வார்ஸ்’ இவற்றிலிருந்து வேறுபடுவது இந்த இடத்தில். அது நகரம் என்கிறது, பணம் என்கிறது, சிப்பாய் என்கிறது. உலகத்திலிருந்து பெயர்களைக் கடன் வாங்குகிறது, அந்தப் பெயர்களோடு வரும் பொறுப்பை வாங்குவதில்லை. பயிர்க்கடன் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரு எண்ணுக்குப் பின்னால் ஒரு ஏக்கர், அதற்குப் பின்னால் ஒரு குடும்பம் என்பது பேரேட்டில் தெரியாது. கவுண்டரின் அந்தப் பக்கம் ஆள் நிற்பதால்தான் தெரிகிறது. விளையாட்டில் அந்தப் பக்கம் ஆள் இல்லை. டாங்கியைக் காப்பாற்ற 1000 விலையுள்ள காலாளை அதன் முன்னால் நிறுத்திச் சாகவிடுவது கெட்டிக்காரத்தனமான ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் வலிமை, வேகம், திறன் என்று மூன்று மதிப்பெண்கள் தருகிறார்கள். இழந்த அணிகளின் கணக்கு ‘திறன்’ என்ற தலைப்பில் வருகிறது. செத்தவர்கள் என் திறமையில் ஏற்பட்ட குறை.

இது வெறும் விளையாட்டு, இவ்வளவு பாரத்தை அதன்மேல் ஏற்றலாமா? ஏற்றியவர்கள் அதை உண்டாக்கியவர்களே. அமெரிக்காவில் இது வெளிவந்தது 2001 செப்டம்பர் 10ஆம் தேதி. மறுநாள் நடந்தது தெரியும். ஐரோப்பாவில் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. ஜப்பானில் 2004இல்தான் வந்தது. பழைய இரண்டு விளையாட்டுகளையும் புதுப்பித்து 2022 ஏப்ரலில் வெளியிட இருந்தார்கள். பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது; நிறுத்திவைத்து 2023 ஏப்ரலில் வெளியிட்டார்கள். நாகரிகமான செய்கைதான். ஆனால் இதைவிடக் கடுமையான விமர்சனத்தை என்னால் எழுத முடியாது. நிஜமான போர் வரும்போது ஒளித்துவைக்க வேண்டியிருக்கிற ஒன்று, போரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்? போரைப் பற்றிய நல்ல கவிதை போர் வரும்போதுதான் வாய் திறக்கிறது.

2009இல் ஜனவரியிலிருந்து மே வரை பத்திரிகைகளில் வன்னியின் வரைபடம் வந்துகொண்டிருந்தது. ஒரு நிறம் சுருங்கச் சுருங்க, முல்லைத்தீவுக் கரையோரம் ஒரு கீற்றாக மிஞ்சியது. அந்தக் கரை நம் கோடியக்கரைக்கு அதிக தூரமில்லை. அப்போது நான் கல்லூரி மாணவன். டீக்கடையில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு யார் எந்தப் பக்கத்திலிருந்து வளைத்திருக்க வேண்டும் என்று வாதம் நடக்கும். வாதித்தவர்கள் கொடியவர்களல்ல, பலர் துக்கத்தில்தான் பேசினார்கள். ஆனாலும் படம் அவர்களுக்கு அந்த மொழியைத்தான் கொடுத்தது. அந்த நிறத்துக்குள் லட்சக்கணக்கான மக்கள் பதுங்குகுழிகளில் கிடந்தார்கள் என்பதைச் சொல்லப் படத்தில் ஒரு குறியும் இல்லை. கட்டம் போட்ட நிலம் ஆட்டக்கருவியில் மட்டும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். வாரப் பத்திரிகைச் சரித்திரத் தொடர்களில் யானை இத்தனை, புரவி இத்தனை என்று அணிவகுத்துக் கடாரம் வரை போய்வருகிற படைகளும் இதே கட்டங்களில்தான் நகர்கின்றன. அந்தப் படைக்கு யார் நெல் அளந்தார்கள் என்று ஒரு அத்தியாயமாவது உண்டா?

ஜெயங்கொண்டார் வென்றவன் பக்கம் நின்று பாடியவர். கலிங்கத்துப்பரணியைப் போர் எதிர்ப்புக் காவியமாக்கும் அசட்டுத்தனத்தை நான் செய்யமாட்டேன். ஆனால் அந்த அரசவைக் கவிஞராலும் வெற்றியோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. போர் முடிந்த களத்தில் பேய்களை இறக்கிவிடுகிறார். பல்லை அரிசியாக்கி, முரசை உரலாக்கி, தந்தத்தை உலக்கையாக்கி அவை குற்றிக் கூழ் சமைக்கின்றன. சோறு என்ற கருப்பொருள், நெல் விளையாத களத்தில், இப்படித்தான் திரும்பி வரும். கோரம் அங்கே அலங்காரத்துக்காக வந்ததாக எனக்குப் படவில்லை. விட்டுப்போன கணக்கை அவர் அறிந்தோ அறியாமலோ எழுதிமுடித்தார். போரைப் பற்றி இனித் தமிழில் எழுதுகிறவர், கவிதையோ நாவலோ, இந்தக் கூழிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். படை நகர்த்துகிற வேலையைக் கைக்கு அடக்கமான ஒரு கருவி நம்மைவிட நன்றாகவே செய்துவிடுகிறது.