சீதாவைச் சாகவிட்ட கருணை

வங்க நாவலாசிரியர் நிருபமா தேவி (1883–1951) இளம் வயதிலேயே விதவையானவர். 1913இல் வெளிவந்த அவருடைய ‘அன்னபூர்ணார் மந்திர்’ நாவலைத் தழுவியதுதான் டி.கே.எஸ். சகோதரர்களின் ‘குமாஸ்தாவின் பெண்’ நாடகம். சகோதரர்களில் ஒருவரான டி.கே. முத்துசாமி அதை நாடகமாக்கினார். 1941இல் அது திரைப்படமும் ஆனது. புராணங்களும் ராஜா ராணிக் கதைகளும் கோலோச்சிய மேடையில், பெண்ணைக் கட்டிக்கொடுக்க வழியில்லாத ஒரு குமாஸ்தாவின் வீடு வந்து நின்றது சாதாரணக் காரியமல்ல. தமிழ் நாடக வரலாறு அதைச் சரியாகவே பாராட்டுகிறது. அந்த வீட்டுக்குள் இருந்த பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் அது அதிகம் விசாரிப்பதில்லை.

கதை எளியது. ஏழைக் குமாஸ்தாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் சீதாவை ஒரு கிழவருக்குக் கட்டிவைக்கிறார்கள். சீக்கிரமே அவள் விதவையாகிறாள். ஊர்ப் பெரிய மனிதன் ஒருவனின் கண் அவள்மேல் விழுகிறது. சீதா சாகிறாள். முன்பு அவளை மணக்க மறுத்தவன் மனம் மாறித் தங்கை சரசாவை மணக்கிறான். அக்காளின் பிணத்தைத் தாண்டித்தான் தங்கைக்குத் தாலி வருகிறது.

சீதாவை யார் யார் சுமந்தார்கள் என்று பார்க்கலாம். எழுதியவர் விதவைக் கோலத்தை வாழ்ந்தே அறிந்த பெண். மேடைக்கு வந்தபோது அந்தக் கோலம் ஆண்களின் ஒப்பனையாயிற்று. பாய்ஸ் கம்பெனி மரபில் வந்த குழு அது. பெண் வேடத்தைப் பையன்களே கட்டினார்கள். இந்நாடகத்தில் பெண் வேடமிட்ட ஏ.பி. நாகராஜன்தான் பின்னாளில், 1974இல், இதே கதையைக் ‘குமாஸ்தாவின் மகள்’ என்று படமாக எடுத்தார். 1941 படத்தில்தான் எம்.வி. ராஜம்மா என்ற பெண் சீதாவானார். மேடை நாடகம் அன்றன்றைக்கே முடிந்து கரைந்துவிடுவது. அந்த இரவுகளில் சீதாவுக்காக அழுத பெண்கள், விதவைக் கோலத்தில் கண்டது ஓர் ஆணைத்தான்.

வேடம் கட்டியவர் ஆண் என்பதோடு என் கேள்வி முடியவில்லை. ராஜம்மா நடித்தபோதும் சீதா செத்தாள். உடல் மாறியது, முடிவு மாறவில்லை. விதவையை உயிரோடு வைத்துக்கொண்டு அவளுக்காக இரங்க மேடைக்குத் தெரியவில்லை.

தமிழில் வேறு முடிவே இல்லாமலில்லை. மணிமுத்தாறும் கலந்து பாயும் தாமிரபரணியின் கீழ்க்கரைப் பகுதியில், பெருங்குளத்தில் பிறந்தவர் அ. மாதவையா. 1903இல் வந்த அவருடைய ‘முத்துமீனாக்ஷி’யில் இளம் விதவை தன் கதையைத் தானே சொல்கிறாள், கடைசியில் மறுமணம் செய்துகொண்டு வாழ்கிறாள். விதவை மறுமணச் சட்டம் வந்தது 1856இல். கணவன் சொத்தில் விதவைக்கு வாழ்நாள் உரிமை தந்த சட்டம் 1937இல். நாவலும் சட்டமும் திறந்துவைத்த வாசல் வழியாக மேடை சீதாவை அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அழுகை குறைந்திருக்கும், வாக்குவாதம் கூடியிருக்கும். அழுத கண்ணோடு வீடு திரும்பியவர், மறுநாள் தன் வீட்டு விதவையை அடுக்களையிலேயே வைத்திருப்பதற்கு இந்த நாடகத்தில் எந்தத் தடையும் இல்லை.

1940களில் அண்ணாதுரை இதே தலைப்பில் ஒரு கதை எழுதினார். ‘கொலைகாரியின் குறிப்புகள்’ என்பது அதன் இன்னொரு பெயர். அவருடைய காந்தாவும் கிழவருக்கு வாழ்க்கைப்பட்டு விதவையானவள். சீதாவைப் போல அவள் பேசாமல் போய்விடவில்லை. கோபம் கொள்கிறாள், கொலை செய்கிறாள், தன் குறிப்பைத் தானே எழுதுகிறாள். மேடை தராத கோபத்தை அந்தக் கதை பெண்ணுக்குத் தந்தது. ஆனால் அவளும் வாழவில்லை. சீர்திருத்தம் பேசிய ஆண் பேனாவும் அவளைக் குற்றவாளிக் கூண்டுவரைதான் கொண்டுபோய் விட்டது.

செத்தவள் தெய்வம், கொன்றவள் கொலைகாரி. நடுவில், காலையில் எழுந்து, கூந்தலை முடிந்து, தனக்குப் பிடித்தவனோடோ தனியாகவோ வாழ்ந்துபோகும் ஒரு சாதாரண சீதாவுக்கு நம் மேடை இடம் கொடுக்கவில்லை. ‘குமாஸ்தாவின் பெண்’ணை மறுபடி மேடையேற்ற யாரேனும் முன்வந்தால், ஒரே ஒரு காட்சியை மாற்றி எழுதச் சொல்வேன். சரசாவின் கல்யாணத்தில் சீதா பந்தி பரிமாற வேண்டாம், மூலையில் ஒதுங்கி நிற்கவும் வேண்டாம். முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிடட்டும்.