காயாத கானகத்தே: ஒரு நாடகப் பாட்டும் அதைப் பாடிய குரல்களும்

‘காயாத கானகத்தே’ என்பது வள்ளி திருமணம் நாடகத்தில் வேடன் வேடத்தில் வரும் முருகன் வள்ளியை நோக்கிப் பாடும் பாட்டு. மேடை, இசைத்தட்டு, திரைப்படம் ஆகிய மூன்றிலும் புகழ்பெற்ற தமிழ் இசை நாடகப் பாடல்கள் சிலவே. அவற்றுள் இது முதன்மையானது. எஸ். ஜி. கிட்டப்பா பாடியதையும் டி. ஆர். மகாலிங்கம் பாடியதையும் ஒப்பிட்டு, யார் குரல் உயர்ந்தது என்று பேசுவது ரசிகர்களின் நெடுநாள் வழக்கம். சுருதியின் உயரத்தையும் பிருகாக்களின் வேகத்தையும் மட்டுமே அளவாகக் கொள்வதால் அந்த ஒப்பீடு பாட்டின் பாதியைத் தவறவிடுகிறது. இப்பாட்டு ஒருத்தியிடம் கேட்கப்படும் கேள்வி. அந்த ஒருத்தி பாடகரின் குரலில் இருக்கிறாளா என்பதும் அளவாக வேண்டும்.

பாட்டின் களம்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் என்றால் இன்று தோல் பதனிடும் தொழிலும் காலணித் தொழிற்சாலைகளும் நினைவுக்கு வருகின்றன. வள்ளி கதையின் நிலமும் இந்தப் பகுதியே. வேலூருக்கு வடக்கே, காட்பாடி வட்டத்தில் உள்ள வள்ளிமலையில்தான் வள்ளி வளர்ந்து தினைப்புனம் காத்தாள் என்பது மரபு. கந்தபுராணமும் அவள் பிறந்த மலையைத் தொண்டை நாட்டில் வைக்கிறது.

இக்கதையை மேடைக்குரிய இசை நாடகமாக நிலைபெறச் செய்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). தினைப்புனத்துக்கு வரும் வேடன், தான் தேடிவந்த மானைக் கண்டாயா என்று வள்ளியிடம் கேட்கிறான். அவன் சொல்லும் அடையாளங்கள் காட்டு மான் எதற்கும் பொருந்துவதில்லை. அவன் தேடும் மான் எதிரில் நிற்பவளே. விசாரிப்பதுபோல் தொடங்கும் பாட்டுக்குள் சீண்டலும் காதலும் ஒளிந்திருக்கின்றன. அதை வள்ளி புரிந்துகொண்டு மறுத்துப் பேச, தர்க்கம் தொடங்குகிறது.

கிட்டப்பா

செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) ஒலிபெருக்கி பரவாத காலத்து நடிகர். கொட்டகையின் கடைசி வரிசைக்குச் சொல் போய்ச் சேரவேண்டும் என்பது அன்றைய மேடையின் முதல் தேவை. அவருடைய உயர்ந்த சுருதி அந்தத் தேவையோடு பிறந்தது. அதை வெறும் வித்தையாகக் கொள்ள இயலாது. அவருக்கு எதிரே வள்ளியாகப் பாடியவர்களில் அவர் 1927இல் மணந்த கே. பி. சுந்தராம்பாளும் ஒருவர். அதே உயரத்தில் பதில் சொல்லக்கூடிய குரல் அது. எனவே நாடகம் பார்த்தவர்களுக்கு இப்பாட்டு இரண்டு வல்லமைகள் மோதும் இடமாக இருந்திருக்கும்.

கிட்டப்பா எந்தப் பேசும் படத்திலும் நடிக்கவில்லை. இருபத்தேழு வயதில் மறைந்த அவருடைய கலையில் நமக்கு எஞ்சியிருப்பது இசைத்தட்டு ஒலி மட்டுமே. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும். மேடையில் விரிந்த பாட்டு அதற்குள் சுருங்கவேண்டும். கேள்வி தட்டில் நின்றுவிட, பதில் வெளியே போய்விட்டது. பிற்காலத்தவர் இதைத் தனிப்பாட்டாகக் கேட்கப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மகாலிங்கம்

1945இல் ஏ. வி. மெய்யப்பன் தயாரித்த ஸ்ரீ வள்ளி படத்தில் முருகனாக நடித்துப் பாடியவர் டி. ஆர். மகாலிங்கம். அப்போது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. கிட்டப்பா பாணியைப் பின்பற்றியவர் என்று அவரைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. பாணி ஒன்றுதான், ஆனால் சூழல் வேறு. ஒலிவாங்கி அருகில் இருக்கும்போது கடைசி வரிசையை எட்டவேண்டிய அவசியம் இல்லை. அப்படியிருந்தும் அவர் உச்சத்திலேயே எடுத்துப் பாடுகிறார். மேடையில் தேவையாக இருந்த உயரம் இங்கே அழகாகவும் நினைவாகவும் மாறிவிடுகிறது. இளமைத் துள்ளல் அவருடைய பலம். வேடனின் குறும்பு அதில் நன்றாகப் பதிகிறது.

இதே படத்தில் வள்ளியின் குரலுக்கு நேர்ந்ததையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். வள்ளியாக நடித்த ருக்மிணியின் பாட்டுக் குரல் நீக்கப்பட்டு, பி. ஏ. பெரியநாயகியின் குரல் சேர்க்கப்பட்டது. முருகனின் உடலும் குரலும் ஒருவருடையவை. வள்ளியின் உடல் ஒருவருடையது, குரல் மற்றவருடையது. மேடையில் நேருக்கு நேர் நடந்த வாக்குவாதம் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒட்டிச் சேர்க்கப்படும் பொருளாயிற்று.

இன்றைய மேடை

மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களின் ஸ்பெஷல் நாடகங்களில் இப்பாட்டு இன்னும் உயிரோடிருக்கிறது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என ஒவ்வொருவரும் தனித்தனியே ஒப்பந்தமாகி, ஒத்திகை இல்லாமல் அன்றிரவு மேடையில் சந்திக்கிறார்கள். எதிரில் நிற்கும் வள்ளி என்ன பதில் சொல்வாள் என்று முருகனுக்கே முழுதாகத் தெரியாது. ஆர்மோனியக்காரர் கண்ணும் காதுமாக இருவரையும் பின்தொடர்கிறார். பல ராஜபார்ட்டுகளின் குரல் கிட்டப்பாவுக்கும் மகாலிங்கத்துக்கும் அருகில்கூட வராது. ஆனாலும் கேள்விக்குப் பதில் வரும்வரை காத்திருக்கும் பரபரப்பு அவர்களிடமே மிஞ்சியிருக்கிறது.

வள்ளிமலை இருக்கும் வட மாவட்டங்களில் ஓங்கியது தெருக்கூத்து. அங்கே கூத்தாடி பாடும் அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். அந்த மரபில் ஒற்றைக் குரலின் உச்சம் ஒருபோதும் முழு அளவுகோலாக இருந்ததில்லை.

மதிப்பீடு

குரலின் வீச்சில் கிட்டப்பாவுக்கே முதலிடம். பாட்டைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டுசேர்த்ததில் மகாலிங்கத்துக்கு முதலிடம். நாடகப் பாட்டாக இதை இன்றும் காப்பவர்கள் பெயர் பரவாத ராஜபார்ட்டுகளும் அவர்களுக்கு ஈடுகொடுக்கும் ஸ்திரீபார்ட்டுகளுமே. ஒலிப்பதிவை மட்டும் கேட்டுப் பாடப் பழகும் மாணவர்கள் உச்ச சுருதியைப் பயில்கிறார்கள். மறுமொழிக்கு இடம்விட்டு நிறுத்துவதைப் பயில்வதில்லை. ஒரு முழு இரவு வள்ளி திருமணம் பார்த்தபின் அதே பதிவுகளைக் கேட்டால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் வள்ளியின் பதிலுக்குக் காது காத்திருக்கத் தொடங்கும்.